நார்த்பிரிட்ஜைக் குளிர்விக்க: பசையா, விசிறியா, ஹீட்பைப்பா, தண்ணீரா?

எல்ஜிஏ775 சாக்கெட் கொண்ட மதர்போர்டில் கோர் 2 குவாட் கியூ6600 பிராசஸரை வைத்துக்கொண்டு, அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை 3.6 ஆக்க, அதாவது ஓவர்கிளாக் செய்ய, நினைப்பவருக்கு ஒரே வழிதான் உண்டு. பிராசஸரின் வேகம் என்பது, அதை மதர்போர்டோடு இணைக்கும் எஃப்எஸ்பி எனும் பாதையின் அதிர்வெண்ணைப் பெருக்கெண்ணால் பெருக்கக் கிடைப்பது. அந்தப் பெருக்கெண் 9க்கு மேல் போகாதபடி பூட்டப்பட்டிருப்பதால், 266 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஃப்எஸ்பியை 400க்கு உயர்த்தியாக வேண்டும். அப்படி உயர்த்தும்போது பிராசஸர் மட்டும் வேகமெடுப்பதில்லை. பிராசஸருக்கும் ரேமுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் நார்த்பிரிட்ஜ் சிப்பும் அதே அளவுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. பிராசஸருக்கு முக்கால் கிலோ எடையுள்ள கூலரைத் தேடித்தேடி வாங்கி மாட்டுகிறவர்கள்கூட, ரேமை நிர்வகிக்கும் மெமரி கன்ட்ரோலரைத் தனக்குள் வைத்திருக்கும் இந்தச் சிப்பைத் தொழிற்சாலையில் ஒட்டிவிட்ட சிறிய அலுமினியத் துண்டின் பொறுப்பில் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இதைக் குளிர்விக்க ஐந்தாறு வழிகள் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அலுமினியத் துண்டை, அதாவது ஹீட்சிங்கைக் கழற்றி, பழைய ஒட்டுப்பொருளைச் சுரண்டிவிட்டு, வெப்பத்தை நன்றாகக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவித் திரும்ப மாட்டுவதும், அதன்மேல் மெதுவாகச் சுழலும் பெரிய விசிறியின் காற்று படும்படி செய்வதும் பெரும்பாலான இயந்திரங்களுக்குப் போதும். பெரிய ஹீட்சிங்கும், உள்ளே தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் வாட்டர் பிளாக்கும் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியவை. 40 மி.மீ. குட்டி விசிறியை நான் கடைசியில்கூடச் சேர்க்கமாட்டேன்.

வெப்பம் எவ்வளவு கூடுகிறது என்பதைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சிப் இயங்கும்போது செலவழிக்கும் மின்திறன், அதன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயரும். இன்டெல்லின் பி35 சிப்செட்டில் நார்த்பிரிட்ஜின் இயல்பு மின்னழுத்தம் 1.25 வோல்ட். 333 மெகாஹெர்ட்ஸ் எஃப்எஸ்பியில் அந்த மின்னழுத்தத்தோடு ஓடுவதை 400 மெகாஹெர்ட்ஸுக்கும் 1.45 வோல்ட்டுக்கும் ஏற்றினால், அதிர்வெண்ணால் 1.2 மடங்கும் மின்னழுத்தத்தால் ஏறத்தாழ 1.35 மடங்கும் கூடி, மொத்தத்தில் சுமார் 1.6 மடங்கு ஆகிறது. சூடேறச் சூடேறக் கசிவு மின்னோட்டமும் சேர்ந்துகொள்ளும் என்பதால் உண்மையான அளவு இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். இன்டெல் தன் எக்ஸ்38 சிப்செட்டுக்குக் குறித்த வெப்ப அளவு 26.5 வாட், பி45க்கு 22 வாட். பிராசஸரின் 95 வாட்டோடு ஒப்பிட்டால் இவை சிறியவைதாம். ஆனால் பிராசஸருக்கு வாய்க்கிற செப்புத் தகடும் 120 மி.மீ. விசிறியும் இந்தச் சிப்புக்கு வாய்ப்பதில்லை.

இதில் பலருடைய கவனத்துக்கு வராத ஒன்று உண்டு. இன்டெல் பெட்டியோடு கொடுக்கும் வட்டக் கூலர் காற்றை மேலிருந்து கீழ்நோக்கித் தள்ளுவதால், பிராசஸரைக் கடந்த காற்று நாலாபக்கமும் சிதறி நார்த்பிரிட்ஜையும், பிராசஸருக்கு மின்சாரம் தரும் மின்னழுத்தச் சீராக்கிகளையும் தொட்டுவிட்டுத்தான் போகும். ஓவர்கிளாக் செய்கிறவர் முதல் வேலையாக அந்தக் கூலரை எறிந்துவிட்டு, காற்றைப் பக்கவாட்டில் தள்ளும் டவர் கூலரையோ தண்ணீர்க் கூலரையோ மாட்டுகிறார். பிராசஸர் குளிர்கிறது, அதே நாளில் நார்த்பிரிட்ஜுக்கு இதுவரை ஓசியில் கிடைத்த காற்றும் நின்றுபோகிறது. புதிய கூலர் மாட்டிய பிறகு இயந்திரம் முன்பைவிட அடிக்கடி நின்றுபோவதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

எந்த வழிக்கும் பணம் செலவழிப்பதற்கு முன்னால், சிக்கல் நார்த்பிரிட்ஜின் சூட்டில்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸில் பெருக்கெண்ணை 6க்கு இறக்கி எஃப்எஸ்பியை 400இல் வைத்தால், பிராசஸர் தன் இயல்பான 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இருக்கும். எனவே சந்தேகப் பட்டியலிலிருந்து அதைப் பெருமளவு நீக்கிவிடலாம். எஃப்எஸ்பியோடு 1:1 விகிதத்தில் வைத்தால், ஒரு சுற்றுக்கு இருமுறை தரவு அனுப்பும் ரேம் 800இல் ஓடும். டிடிஆர்2-800 ரேமுக்கு அது சொல்லப்பட்ட வேகமே. இந்த நிலையில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளையும், பிராசஸரோடு ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் பிரைம்95இன் பிளெண்ட் சோதனையையும் ஓடவிட வேண்டும். ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை பிராசஸரின் கேச் நினைவகத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதால் இந்த வேலைக்கு உதவாது. பிழை வந்தால், அது வருவதற்கு எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருக்கும் மேசை விசிறியை நேராக மதர்போர்டின்மேல் திருப்பி வைத்து அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். பத்து நிமிடத்தில் வந்த பிழை இரண்டு மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால், குளிர்விப்பது பலன் தரும். மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்தும் அதே பத்தாவது நிமிடத்தில் பிழை வருகிறது என்றால், எவ்வளவு விலையுள்ள ஹீட்சிங்கும் உங்களைக் காப்பாற்றாது. அது அந்தப் பிராசஸருக்கே உரிய எஃப்எஸ்பி வரம்பாக இருக்கலாம். இரண்டு சிலிக்கான் துண்டுகளை ஒரே எஃப்எஸ்பியில் கோத்திருக்கும் கோர் 2 குவாடுகள், இரட்டைக் கோர் பிராசஸர்களைவிட முன்னதாகவே இந்த வரம்பில் போய் முட்டுகின்றன.

செலவே இல்லாத ஒரு வழியையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் லெவல் என்றோ டிஆர்டி என்றோ பயாஸில் காணப்படும் எண், நார்த்பிரிட்ஜ் தன் வேலையை எத்தனை சுற்றுக்குள் முடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தானியங்கு அமைப்பில் விட்டால் சில போர்டுகள் அதை மிக இறுக்கமாக வைத்துவிடும். 6 இருக்கும் இடத்தில் 7 என்று மாற்றினால் நினைவகத்தின் வேகம் சிறிது குறையும். அதற்கு ஈடாக நார்த்பிரிட்ஜின் மின்னழுத்தத்தையும் இறக்க முடியும் என்பதால் வெப்பமும் குறையும். நான்கு ஸ்லாட்டுகளிலும் ரேம் நிரப்பி வைத்திருப்பவர்கள் இரண்டை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் இதே மாதிரி வேறுபாடு தெரியும். வேகத்தை அளக்கும் மென்பொருளில் வரும் எண்ணுக்காக அல்லாமல் அன்றாட வேலைக்காக ஓவர்கிளாக் செய்பவருக்கு டிஆர்டியில் ஒரு படி இறங்குவது இழப்பே அல்ல.

இனி பசைக்கு வருகிறேன். பி35, பி45 போன்ற நார்த்பிரிட்ஜ் சிப்களின்மேல், பிராசஸருக்கு இருப்பதுபோல் உலோக மூடி கிடையாது. சிலிக்கான் வெறுமனே கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டிருக்கும். அதற்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பல நிறுவனங்கள் வைப்பது இளஞ்சிவப்பிலோ சாம்பல் நிறத்திலோ இருக்கும் ஒருவகை மெழுகு ஒட்டு. சில ஆண்டுகளில் அது காய்ந்து, மென்று துப்பிய சூயிங்கம் சுவரில் உலர்ந்ததுபோல் ஆகிவிடும். அதன் தடிமன் 0.1 மி.மீ. என்றும், வெப்பம் கடத்தும் திறன் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 1 வாட் என்றும், சிப்பின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 20 வாட் வெப்பம் அதைக் கடக்கும்போது அந்த மெல்லிய படலத்தில் மட்டும் 20 டிகிரி வேறுபாடு விழும். இதே இடத்தில் 4 வாட் கடத்தும் பேஸ்ட், 0.03 மி.மீ. தடிமனில் அழுந்தி உட்கார்ந்தால் வேறுபாடு ஒன்றரை டிகிரிதான். ஒரு சிறு குழாய் பேஸ்டில் 18 டிகிரி மிச்சமாகிறது என்றால், வேறெந்தக் கருவியும் அந்த விலைக்கு அவ்வளவு தராது.

என் சொந்த அனுபவத்தில் இது ஒரு விசித்திரமான முறையில் தெரியவந்தது. நான் வைத்திருக்கும் பி35 மதர்போர்டில், தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், பிளெண்ட் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆகவே நார்த்பிரிட்ஜ் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டி, இரண்டு வாரங்கள் ரேமையும் பவர் சப்ளையையும் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் பொறுமையிழந்து ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தபோது, ஒட்டில் பதிந்திருந்த தடம் சிப்பின் ஒரு மூலையில் மட்டும் கால் பங்கு அளவுக்கு இருந்தது. மீதி முக்கால் பங்கில் சிலிக்கான் தொட்டதற்கான அடையாளமே இல்லை. வெப்பம் சிப்பிலேயே தேங்கிக்கிடந்ததால்தான் ஹீட்சிங்க் குளிர்ச்சியாக இருந்திருக்கிறது. பேஸ்ட் தடவி மாட்டிய பிறகு அதே ஹீட்சிங்கின்மேல் இரண்டு நொடிக்கு மேல் விரல் வைக்க முடியவில்லை. சோதனை மட்டும் நிற்காமல் ஓடியது. தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் கெட்டது, குளிர்ந்திருந்தால் நல்லது என்ற கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது. அகச்சிவப்பு வெப்பமானியை வைத்து அளப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பளபளப்பான அலுமினியம் சொந்த வெப்பத்தைக் குறைவாக உமிழ்ந்து சுற்றுப்புறத்தைப் பிரதிபலிப்பதால் அளவு குறைத்துக் காட்டும். அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அந்த டேப்பை அளந்தால் ஓரளவு நம்பலாம்.

கழற்றும்போது கைகள் பதற்றப்படக் கூடாது. ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் புஷ்பின்கள் இரண்டோ நான்கோ இருக்கும். போர்டின் பின்பக்கத்தில் அவற்றின் பிளந்த நுனியை மூக்குக் குறடால் மெல்ல நெருக்கித் தள்ள வேண்டும். பழைய பிளாஸ்டிக் உடையக்கூடியது என்பதால் மாற்றுப் புஷ்பின்களோ, நைலான் வாஷரோடு கூடிய சிறு திருகும் நட்டும் ஸ்பிரிங்குமோ முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஒட்டு இளகியிருக்கும்போதே ஹீட்சிங்கை இடமும் வலமுமாகத் திருகி விடுவிக்க வேண்டும். நெம்பி இழுத்தால் சிலிக்கானின் ஓரம் சிதறிவிடும், அதோடு போர்டின் கதையும் முடிந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தபின் அரிசி மணி அளவுக்குப் பேஸ்ட் போதும். சிப்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் நுரைத்துண்டுகளை வெட்டியெறிய வேண்டாம். ஹீட்சிங்க் ஒருபக்கமாகச் சாய்ந்து சிலிக்கானின் மூலையை உடைக்காமல் தடுப்பது அவைதாம்.

அடுத்தது விசிறி. 2004, 2005 காலத்தில் என்விடியாவின் என்ஃபோர்ஸ்4 சிப்செட்டோடு வந்த போர்டுகளை வைத்திருந்தவர்கள் 40 மி.மீ. விசிறியின் சத்தத்தை மறந்திருக்கமாட்டார்கள். அவ்வளவு சிறிய இறக்கைகள் தேவையான காற்றைத் தள்ள நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். மலிவான ஸ்லீவ் பேரிங் அந்த வேகத்தையும் சூட்டையும் தூசியையும் நெடுநாள் தாங்காது. முதலில் கொசு ரீங்கரிப்பதுபோல் ஒரு சத்தம், பிறகு காலையில் கணினியைப் போட்டவுடன் ஒரு கரகரப்பு, பிறகு அமைதி. அந்த அமைதிதான் ஆபத்தானது. விசிறியை நம்பிச் சிறிதாகச் செய்யப்பட்ட ஹீட்சிங்க், விசிறி நின்றபின் சிப்பைக் காக்கும் அளவுக்குப் பெரியதாக இருப்பதில்லை. 80 அல்லது 120 மி.மீ. விசிறியை ஆயிரம் சுற்றுக்குள் ஓட்டினால் சத்தமே கேட்காது. நார்த்பிரிட்ஜோடு சேர்த்து ரேமும் மின்னழுத்தச் சீராக்கிகளும் குளிரும். ஒரு நாள் அது நின்றுபோனாலும் ஹீட்சிங்க் தன் அளவில் சமாளித்துக்கொள்ளும். கேபினெட்டின் பக்கக் கதவில் துளை இருந்தால் அங்கேயும், இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டின் மேல்முனைக்கும் ரேமுக்கும் நடுவில் ஒரு கம்பி வளையத்திலும் பொருத்தலாம். அழகாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தனியாக விற்கப்பட்ட பெரிய ஹீட்சிங்குகளில் மூன்றைப் பற்றிச் சொல்லலாம். ஸால்மேனின் இஸட்எம்-என்பி47ஜே நீலநிறத்தில், விரல்கள்போல் உயர்ந்த அலுமினியத் தகடுகளோடு வந்தது. அதன் இரு கைகளும் நகரக்கூடியவை என்பதால் துளைகளின் இடைவெளி வேறுபடும் போர்டுகளிலும் பொருந்தியது; எடை குறைவு. விசிறிக் காற்றும் கிடைத்தால் பி35, பி45 சிப்களுக்கு இதுவே போதும். தெர்மல்ரைட்டின் எச்ஆர்-05, நாக்டுவாவின் என்சி-யு6 இரண்டும் ஹீட்பைப் எனும் மூடிய செப்புக் குழாய் வழியே வெப்பத்தைப் போர்டின் பரப்பிலிருந்து மேலே எடுத்துச் சென்று, காற்றோட்டம் உள்ள உயரத்தில் தகடுகளில் விரிப்பவை. எக்ஸ்38, எக்ஸ்48 வைத்திருப்பவர்களுக்கு இவற்றின் பலன் நன்றாகத் தெரியும். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு அட்டையை அதே உயரத்துக்கு வெட்டிப் போர்டின்மேல் நிறுத்திப் பாருங்கள். ஒருபக்கம் பிராசஸர் கூலர், மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டின் பின்புறம், நடுவில் கிடைக்கும் இடைவெளியில் இவை நுழையாமல் போவது மிகச் சாதாரணம். நிமிர்த்தி வைக்கும் கேபினெட்டில் இவற்றின் எடை முழுவதும் சிப்பின் ஓரத்தில் நெம்புகோல்போல் அழுத்துகிறது என்பதும் ஒரு கவலை. இன்று இவற்றைப் பழைய பொருள் சந்தையில்தான் தேட வேண்டும். திருகுகளும் தாங்கிகளும் முழுதாக இருக்கின்றனவா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

போர்டிலேயே வரும் ஹீட்பைப் தொகுப்புகளைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் குறைவு. எம்எஸ்ஐயின் பி35 பிளாட்டினத்தில் திருவிழா ராட்டினத்தின் தண்டவாளம்போல் சுருண்டு எழும் செப்புக் குழாய்கள் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் இத்தகைய தொகுப்புகள் நார்த்பிரிட்ஜ், டிஸ்க், யுஎஸ்பி போன்றவற்றைக் கவனிக்கும் சவுத்பிரிட்ஜ், மின்னழுத்தச் சீராக்கிகள் ஆகியவற்றை ஒரே சங்கிலியில் இணைக்கின்றன. குவாட் கோரை ஓவர்கிளாக் செய்யும்போது சீராக்கிகள் நார்த்பிரிட்ஜைவிடச் சூடேறலாம். அப்போது குழாய் அந்த வெப்பத்தை நார்த்பிரிட்ஜுக்கே கொண்டுவந்து சேர்க்கும். மேலும், உயரம் வேறுபட்ட மூன்று இடங்களில் ஒரே விறைப்பான பொருள் உட்கார வேண்டியிருப்பதால், சீராக்கிகளின்மேல் இருக்கும் தடித்த தெர்மல் பேடை மாற்றும்போது அரை மில்லிமீட்டர் கூடினாலும் நார்த்பிரிட்ஜ்மேல் இருக்கும் பகுதி தூக்கிக்கொண்டுவிடும். இத்தகைய தொகுப்பைக் கழற்றி மாட்டினால், ஒருமுறை பேஸ்ட் தடவி இறுக்கிவிட்டு மறுபடி கழற்றித் தடம் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுதியாகப் பொருத்த வேண்டும். இதில் மாலை முழுவதும் போய்விடும். இருந்தாலும் வேறு வழியில்லை.

தண்ணீர் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏற்கனவே பிராசஸருக்குத் தனித் தண்ணீர்ச் சுற்று அமைத்திருப்பவர்களாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஸ்விஃப்டெக்கின் எம்சிடபிள்யூ30 போன்ற பிளாக்கைச் சுற்றில் சேர்ப்பதால் ரேடியேட்டருக்குக் கூடுதலாகும் சுமை சில பத்து வாட்டுகள்தான். அசுஸ் 2007இல் பிளிட்ஸ் ஃபார்முலா போர்டில் நார்த்பிரிட்ஜ்மேல் குழாய் மாட்டும் வசதியைத் தானே வைத்துக் கொடுத்தது. எனினும் சிப்பின் சூட்டை 75இலிருந்து 55க்குக் கொண்டுவரும்போது கிடைக்கும் நிலைத்தன்மை, 55இலிருந்து 40க்குக் கொண்டுவரும்போது கிடைப்பதில்லை. கூடுதலாகச் சில மெகாஹெர்ட்ஸ்தான் மிஞ்சும். அதற்காகக் கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் மேலே இரண்டு குழாய் இணைப்புகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும், பிராசஸருக்கும் நார்த்பிரிட்ஜுக்கும் நடுவில் குழாய் மடங்காமல் வளைக்க வேண்டும், செப்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் கலந்து அரிப்பு உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதனைகளுக்காகப் போட்டியிடுபவருக்கு இது நியாயம். வீட்டுக் கணினிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

புதிய தலைமுறைப் போர்டு வைத்திருப்பவர்கள் இவற்றில் எதையும் செய்ய வேண்டியதில்லை. 2008 இறுதியில் நெஹலெம் தலைமுறைப் பிராசஸர்கள் வந்தபோது இன்டெல்லின் மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள் குடிபெயர்ந்தது. ஏஎம்டி அதை 2003இல் அத்லான் 64இலேயே செய்திருந்தது. நெஹலெமுக்கான எக்ஸ்58இன் சிப் இன்னமும் சூடாகத்தான் இருந்தது, ஆனால் கோர் ஐ7-920ஐ 200 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை அதிர்வெண்ணில் 4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றும்போது முட்டுக்கட்டை பெரும்பாலும் பிராசஸரிலேயே இருந்தது. ஏஎம்டியின் ஃபீனம் 2 பிராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸில் நார்த்பிரிட்ஜ் அதிர்வெண் என்று படித்துவிட்டுப் போர்டின் சிப்பைக் குளிர்விக்கக் கிளம்புவதுண்டு. அந்த எண் குறிப்பது பிராசஸருக்குள் இருக்கும் பகுதியைத்தான். 2019இல் ஏஎம்டி பிராசஸர்களுக்கான எக்ஸ்570 போர்டுகளில் சிறிய விசிறி திரும்பி வந்தது ஓவர்கிளாக்குக்காக அல்ல, பிசிஐஇ 4.0 எனும் வேகமான இணைப்பின் வெப்பத்துக்காக, அடுத்த ஆண்டே பி550 விசிறியில்லாமல் வந்துவிட்டது. அத்தகைய போர்டுகளில் சிப்செட்டுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தை மின்னழுத்தச் சீராக்கிகளின் காற்றோட்டத்துக்குச் செலவழித்தால் ஓவர்கிளாக்குக்கு உதவும்.

என் பி35 இயந்திரத்தில் இப்போது இருப்பது தொழிற்சாலை ஹீட்சிங்கேதான். அடியில் புதிய பேஸ்ட், பிளாஸ்டிக் பின்களுக்குப் பதிலாகத் திருகுகள், ரேமுக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டிய ஒரு 80 மி.மீ. விசிறி. 1.45 வோல்ட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த 400 மெகாஹெர்ட்ஸ், டிஆர்டியை ஒரு படி தளர்த்திய பிறகு 1.35 வோல்ட்டில் நிற்கிறது. குளிர் நாட்டு விமர்சனங்களில் அறை வெப்பநிலை 20 டிகிரி என்று எழுதியிருப்பார்கள். என் அறையில் மே மாதப் பகலில் 36 வரை போகிறது. அந்த ஒரு மாதம் மட்டும் எஃப்எஸ்பியை 378க்கு இறக்கி, 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன்.